சோப்பு யார் வாங்குவது?

அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாள். 2008-ல் தொடங்கினார்கள். அன்றைக்கு நம் பக்கத்துப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். வாசலில் ஒரு பேனர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்க்கச் சொல்லிக் காட்டுவார்கள். புதுச் சோப்பு, புதுத் துண்டு, புது மக். போட்டோ எடுத்து முடிந்ததும் சோப்பு பீரோவுக்குள் போய்விடும். அடுத்த அக்டோபர் 15 வரைக்கும் பத்திரமாக இருக்கும்.

யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டார்களா என்று பார்ப்பதும், வயிற்றுப்போக்கு கண்ட தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குவதும்தான் என் பிழைப்பாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பீரோவுக்குள் இருக்கும் அந்தச் சோப்பில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. "ஏழை மக்களுக்கான மலிவு விலைக் கைகழுவும் கருவி" என்று எங்கு பார்த்தாலும் போட்டி வைக்கிறார்கள். என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் மாடல் செய்கிறார்கள். காலால் மிதித்தால் தண்ணீர் வரும், கையை நீட்டினால் தண்ணீர் வரும், பாட்டு பாடிக்கொண்டே தண்ணீர் வரும். பிள்ளைகளின் ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். போட்டி வைக்கும் பெரியவர்களோடுதான் எனக்குச் சண்டை. கருவியின் விலையைக் குறைத்துவிட்டால் ஏழையின் கை சுத்தமாகிவிடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கருவி என்றைக்கோ மலிவாகிவிட்டது. அதில் தினமும் யார் தண்ணீர் ஊற்றுவது, மாதாமாதம் யார் சோப்பு வாங்குவது? இந்த இரண்டுக்கும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

தெரியாதவர்களா?

முதலில் ஒரு பொய்யை ஒழிக்க வேண்டும். ஏழைகளுக்குக் கை கழுவத் தெரியாது, சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பொய்.

நம் ஊரில் விருந்தாளியைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கே "கை நனைச்சிட்டுப் போங்க" என்றுதான் சொல்வோம். சண்டைக்காரன் வீட்டில் "கை நனைக்க மாட்டேன்" என்போம். சாப்பாட்டுக்கே கை நனைப்பது என்று பெயர் வைத்த மக்களுக்குக் கை கழுவ வேண்டும் என்று தெரியாதா? தாத்தா காலத்து வீடுகளில் கெண்டி இருந்ததை வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் சின்ன மூக்கு. சாய்த்தால் கம்பி போலத் தண்ணீர் விழும். ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவலாம். தண்ணீரும் வீணாகாது, கழுவின கை திரும்பப் பாத்திரத்துக்குள்ளும் போகாது. எந்தப் போட்டியிலும் பரிசு வாங்காத நல்ல கருவி அது.

பழக்கத்தில் குறை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. 2018-ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 76-ஆவது சுற்றைப் பாருங்கள். சாப்பிடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம் என்று சொன்ன கிராமத்துக் குடும்பங்கள் 25.3 சதவீதம். மலம் கழித்த பின் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம் என்று சொன்னவை 66.8 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வீடு, அதே மனிதர்கள், அதே சோப்பு. சோப்பின் அருமை தெரியாதவர்களாக இருந்தால் இரண்டாவது எண் எப்படி வந்தது?

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சோப்பு புறக்கடையில், குளிக்கும் இடத்தில் இருக்கிறது. சாப்பாடு உள்ளே அடுப்படியில் நடக்கிறது. நடுவில் பத்தடி தூரம். பார்வைக்குக் கை சுத்தமாக இருக்கும்போது அந்தப் பத்தடியை யாரும் நடப்பதில்லை. சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். படித்தவர்கள் மட்டும் என்னவாம்? ஹோட்டலில் பாருங்கள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாஷ்பேசினில் கூட்டம். சாம்பார் வாசனை போக வேண்டும் என்று சோப்பு தேய்ப்பார்கள். சாப்பிடுமுன் தேய்ப்பவர் நூற்றில் எத்தனை பேர்?

ஆகவே சொற்பொழிவு வேண்டாம். சோப்பையும் தண்ணீரையும் பத்தடி நகர்த்தி வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அவை அங்கே காலியாகாமல் இருக்க வேண்டும்.

கராச்சியில் என்ன செய்தார்கள்?

சோப்புக்கு என்ன சக்தி என்று கேட்பவர்களுக்குக் கராச்சி ஆய்வைச் சொல்வேன். ஸ்டீபன் லூபி என்ற மருத்துவரின் குழு அந்த நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் செய்து 2005-ல் லான்செட் இதழில் வெளியிட்டது. சோப்பு கொடுத்துக் கை கழுவ ஊக்கப்படுத்திய வீடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கு 53 சதவீதம் குறைந்தது. சில வீடுகளுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பு, சில வீடுகளுக்குச் சாதாரணச் சோப்பு. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. டி.வி.யில் பூதக்கண்ணாடி வைத்துக் கிருமியைக் காட்டி விற்கிறார்களே, அந்த விளம்பரத்துக்கெல்லாம் இது ஒன்றே பதில். மளிகைக் கடையில் தொங்கும் மலிவுச் சோப்பு போதும்.

இந்த ஆய்வை மேடையில் மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். அந்த வீடுகளுக்குச் சோப்பு இலவசமாக, தவறாமல் போய்ச் சேர்ந்தது. பணியாளர்கள் வாரா வாரம் வீட்டுக்கு வந்தார்கள். ஜெயித்தது எந்தக் கருவியும் இல்லை. தீர்ந்துபோகாத சோப்பும், கதவைத் தட்டிய மனிதரும்தான்.

கருவிகளின் ஊர்வலம்

இனி கருவிகளுக்கு வருவோம். நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டே குறை சொல்கிறேன்.

1980-களில் ஜிம்பாப்வேயில் ஜிம் வாட் என்ற மருத்துவர் 'டிப்பி டாப்' என்ற ஒன்றைப் பரப்பினார். காலி எண்ணெய்க் கேனில் ஒரு துளை போட்டுக் கழியில் தொங்கவிட்டு, கயிறு கட்டி, காலால் ஒரு குச்சியை மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் விழும். கையால் எதையும் தொட வேண்டியதில்லை. ஒரு முறை கழுவ 40 மில்லி அளவே செலவாகும் என்பார்கள். காப்புரிமை கிடையாது, காசு கிடையாது. இதைவிட மலிவாக இனி ஒருவர் என்ன கண்டுபிடிக்க முடியும்? கருவியின் விலைதான் பிரச்சினை என்றால், அது நாற்பது வருடங்களுக்கு முன்பே தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதை மாட்டினார்கள். பெயர் வேண்டாம். முதல் வாரம் திருவிழா. இரண்டாம் வாரம் கயிறு அறுந்தது. மூன்றாம் வாரம் கேன் வெயிலில் காய்ந்து தொங்கியது. அறுந்த கயிற்றைக் கட்டுவது ஆசிரியர் வேலையா, சத்துணவு ஆயா வேலையா, பஞ்சாயத்து வேலையா? யாருக்கும் தெரியாது. அதுதான் அது செத்த காரணம்.

2020-ல் சாட்டோ என்ற நிறுவனம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்தது. குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் பெட் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து வைத்தால் போதும். நல்ல யோசனை. ஆனால் பாட்டிலை நிரப்பப் போவது யார் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்காது.

ஐ.டி.சி.யின் சாவ்லான் சோப்புக்காக ஓகில்வி விளம்பர நிறுவனம் செய்த சாக்பீஸ் பற்றியும் படித்திருப்பீர்கள். சாக்பீஸில் சோப்பைக் கலந்துவிட்டார்கள். பிள்ளை சிலேட்டில் எழுதிய பின் கையில் ஒட்டிய தூள், தண்ணீரில் காட்டினால் நுரையாகும். 2018-ல் கான் விளம்பர விழாவில் பெரிய பரிசு கிடைத்தது. மூளைதான், மறுக்கவில்லை. ஆனால் அதிலும் "தண்ணீரில் காட்டினால்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதல்லவா? அந்தத் தண்ணீர்தான் பள்ளியில் இல்லை. சாக்பீஸ் டப்பா தீர்ந்த பிறகு அடுத்த டப்பா யார் அனுப்புவார் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

கொரோனா காலத்தை மறக்க முடியுமா? 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் நம் மாவட்டத்திலும் கடலூரிலும் தொற்று ஏறியபோது, எங்கு பார்த்தாலும் இரும்புச் சட்டத்தில் தொட்டி, மிதிகட்டை, நன்கொடையாளர் பெயர்ப் பலகை. அவற்றில் பலதை நான் பின்தொடர்ந்து பார்த்தேன். முதலில் சோப்பு போகும். பிறகு தண்ணீர் போகும். பிறகு குழாய் போகும். கடைசி வரை துருப்பிடிக்காமல் இருப்பது பெயர்ப் பலகைதான்.

அப்போது இன்னொரு கூத்தும் நடந்தது. சானிடைசர் விலை எகிறியதும் 200 மில்லி பாட்டில் 100 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு உத்தரவிட்டது. ஏழைக்கு உதவியாம். அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 256 ரூபாய். ஐந்தில் இரண்டு பங்கு கூலியைக் கொட்டி ஒரு பாட்டில் வாங்குவாளா ஒரு தாய்? வாங்கினாலும், மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. செங்கல் அறுப்பவர் கைக்கும் நாற்று நடுபவர் கைக்கும் அது ஏற்றதே அல்ல. அது ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் உரிய பொருள்.

வரியைப் பாருங்கள். 2021 ஜூனில் சானிடைசருக்கு ஜி.எஸ்.டி.யை 18-லிருந்து 5 சதவீதமாகச் சில மாதங்களுக்குக் குறைத்தார்கள். குளியல் சோப்புக் கட்டிக்கு? 2017-லிருந்து 18 சதவீதம்தான். ஊரே கை கழுவு, கை கழுவு என்று கூவிய இரண்டு வருடமும் 18 சதவீதம்தான். 5 சதவீதத்துக்கு இறக்கியது 2025 செப்டம்பர் 22-ல். கை கழுவச் சொன்ன அரசு சோப்புக்கு வரி வாங்கிக்கொண்டிருந்தது. இதற்குப் பெயர் கை கழுவுவதா, கைகழுவி விடுவதா?

மரக்காணத்தில் நுரை வராது

கருவி செய்கிறவர்கள் நம் மண்ணை ஒருமுறை மிதித்துப் பார்க்க வேண்டும்.

மரக்காணம் உப்பளப் பக்கம் போங்கள். கடலோரத்தில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது, கையில் வெள்ளையாகத் திப்பித் திப்பியாக ஒட்டும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, மக்னீசியச் சத்தோடு சோப்பு சேர்ந்து அப்படித் திரிந்துபோகிறது. துணி சோப்புத்தூள் அந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். அங்கிருக்கும் பெண்களுக்கு இது தெரியும். மும்பையில் உட்கார்ந்து வடிவமைப்பவருக்குத் தெரியாது.

திண்டிவனம் சுற்றியுள்ள இருளர் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்து செங்கல் சூளை வேலை தொடங்கினால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். மாதக்கணக்கில் சூளையோரக் கொட்டகையில் வாழ்க்கை. சுவரில் திருகி மாட்டும் கருவியை அவர்கள் எந்தச் சுவரில் மாட்டுவார்கள்? அவர்களுக்குத் தேவை மூட்டையில் போட்டு எடுத்துப்போகக் கூடிய ஒரு பாட்டில். சூளை முதலாளி கட்டாயம் போட்டுத் தர வேண்டிய ஒரு குழாய்.

எத்தனையோ ஊரில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் ஊர்த்தெருவுக்கு முதலில் போய், காலனிக்குக் கடைசியில் வருகிறது. கடைக்கோடி வீட்டில் குடம் நிறைய அரை மணி ஆகும். அந்தக் குடத்தை இடுப்பில் சுமந்து வருபவள் அதைக் குடிக்க வைப்பாளா, சமைக்க வைப்பாளா, ஆளுக்கு அரை லிட்டர் கை கழுவ வைப்பாளா? ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். கடைக்கோடிக் குழாயில் அது வந்தால் கை தானாகக் கழுவப்படும்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர், தெருவில் தண்ணீர், வயலில் தண்ணீர். மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. சேற்றுக் கையோடு பொட்டலச் சோறு சாப்பிட்ட பிள்ளைகளைப் பார்த்தேன். நிவாரண வண்டிகளில் அரிசி வந்தது, பிஸ்கட் வந்தது, போர்வை வந்தது. நான் பார்த்த மூட்டைகளில் சோப்பு இருந்தது ஒன்றிரண்டில்தான். வெள்ளம் வடிந்த பின் முதலில் வருவது வயிற்றுப்போக்கு என்று தெரிந்தும் இந்த நிலை.

கழிப்பறைக் கதையும் இதேதான். தூய்மை இந்தியா திட்டத்தில் தனிநபர் கழிப்பறைக்கு உதவித்தொகையை 10,000 ரூபாயிலிருந்து 12,000 ஆக்கியபோது சொன்ன காரணம், தண்ணீர் சேமிக்கவும் கை கழுவவும் வசதி செய்ய வேண்டும் என்பது. எத்தனை கழிப்பறை வாசலில் கை கழுவும் தொட்டியைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் ஏறி இறங்கிய தெருக்களில் விரல் விட்டு எண்ணிவிடலாம். கதவுக்கு வர்ணம் அடித்துப் போட்டோ எடுத்தார்கள். கழிப்பறை கணக்கில் ஏறியது, கை கழுவுவது ஏறவில்லை.

264 ரூபாய்க் கணக்கு

"குறை சொல்வது சுலபம், வழி சொல்லுங்கள் சார்" என்பீர்கள். சொல்கிறேன். பள்ளியிலிருந்து தொடங்குவோம்.

எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. இரண்டையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இன்றைக்கு ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளை நாளுக்கு இரண்டு முறை பள்ளியில் கையால் அள்ளிச் சாப்பிடுகிறது. உப்புமாவுக்கு ரவை எத்தனை கிராம், எண்ணெய் எத்தனை கிராம் என்று கணக்கு உண்டு. அந்தக் கைக்குச் சோப்பு எத்தனை கிராம் என்று சமையல் பட்டியலில் ஏன் ஒரு வரி இல்லை?

கணக்கை நானே போட்டுக் காட்டுகிறேன். வங்கதேசத்தில் சோப்புத் தண்ணீர் என்று ஒரு முறை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் துளை போட்ட பாட்டிலில் வைத்துக்கொள்கிறார்கள். கை சுத்தமாவதில் இது கட்டிச் சோப்புக்குக் குறைந்ததல்ல என்று அங்கேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு முறைக்கு 5 மில்லி என்றால் ஒரு பாட்டில் 300 முறைக்கு வரும். அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நாளைக்கு 120 முறை. இரண்டரை நாளைக்கு ஒரு பாட்டில். 220 வேலை நாளுக்கு 88 பாட்டில். சோப்புத்தூள் 2 கிலோ 640 கிராம். கிலோ 100 ரூபாய் என்றே வையுங்கள், 264 ரூபாய். ஒரு பள்ளிக்கு, ஒரு வருடத்துக்கு! உலகக் கைகழுவும் நாள் பேனர் ஒன்றின் விலை என்ன என்று விழுப்புரத்தில் பிளக்ஸ் அடிப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

கருவி வேண்டுமா? பிலிப்பைன்ஸ் நாட்டில் 'ஃபிட் ஃபார் ஸ்கூல்' என்ற திட்டத்தில் பிள்ளைகள் தினமும் குறித்த நேரத்தில் வகுப்போடு சேர்ந்து கை கழுவிப் பல் துலக்குகிறார்கள். அங்கே பல பள்ளிகளில் இருப்பது வரிசையாகத் துளை போட்ட ஒரு பி.வி.சி. குழாய்தான். உயரத்தில் ஒரு டிரம், ஒரு வால்வு. திறந்தால் பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கழுவலாம். நம் ஊர் பிளம்பர் அரை நாளில் போட்டுவிடுவார். உடைந்தால் திண்டிவனம் கடைத்தெருவில் சாமான் கிடைக்கும். கழுவின தண்ணீர் வாய்க்காலாக ஓடி வாழைக்கோ முருங்கைக்கோ போகட்டும். இப்போது பல இடங்களில் ஒரே வாளியில் அத்தனை பிள்ளைகளும் கையை முக்கி எடுக்கிறார்கள். அது கழுவுவது அல்ல, ஒருவர் கிருமியை மற்றவருக்குப் பங்கு போடுவது. தண்ணீர் கைமேல் விழுந்து கீழே போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. இதற்கு மேல் தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை.

அடுத்தது, நிரப்பும் ஆள். காலை உணவு சமைப்பவர்கள் கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். டிரம்மை நிரப்பி, சோப்புத் தண்ணீர் கலக்கி, வரிசையை நிறுத்த அவர்களில் ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்குக் கூலி கொடுங்கள். "சமுதாயமே பராமரித்துக்கொள்ளும்" என்று திட்ட அறிக்கையில் எழுதுவார்கள். அந்தச் சமுதாயம் யாரென்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே நான்கு குடம் சுமந்துவிட்டு வந்த பெண், ஐந்தாவது குடத்தை இலவசமாகச் சுமக்க வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். டவுனில் குழாய் திறக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறோம். கிராமத்துக்கு வந்தால் மட்டும் பங்கேற்பு, தன்னார்வம், பொறுப்புணர்வு! மலிவு என்ற சொல்லுக்குள் பல நேரம் ஒளிந்திருப்பது ஒரு பெண்ணின் கொடுக்கப்படாத கூலிதான்.

"சோப்பு வைத்தால் பிள்ளைகள் திருடிப் போகிறார்கள்" என்பது பீரோவைப் பூட்டுபவர்களின் வாதம். போகட்டுமே! திருடிய சோப்பை அந்தப் பிள்ளை தின்னவா போகிறது? வீட்டுக்குப் போய் அங்கே நான்கு பேர் கை கழுவுவார்கள். அரசாங்கம் வாரா வாரம் போய்க் கொடுக்க வேண்டிய சோப்பை ஒரு பிள்ளை சிரமப்பட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். சோப்புத் தண்ணீரை யாரும் திருட மாட்டார்கள்.

"சாம்பல் போதாதா, நம் பாட்டிகள் சாம்பலில்தானே கழுவினார்கள்" என்பவர்களும் உண்டு. சாம்பலால் நோய் குறைகிறதா என்று ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் 2020-ல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றுதான் முடித்தார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் சாம்பல் இருக்கட்டும். ஆனால் ஏழைக்குச் சாம்பல், நமக்கு வாசனைச் சோப்பு என்று பிரிப்பதைப் பாரம்பரியம் என்று அழைக்காதீர்கள்.

வீடுகளுக்கும் இதே நியாயம்தான். உலகில் 230 கோடிப் பேருக்கு வீட்டில் தண்ணீரும் சோப்பும் சேர்ந்த கைகழுவும் வசதி இல்லை என்று 2020-ஆம் ஆண்டு நிலவரமாக யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் கணக்குச் சொல்லின. வசதி என்று அவர்கள் சொல்வது வாஷ்பேசினை மட்டுமல்ல. கை கழுவுவதற்கென்றே ஒதுக்கி வைத்த ஒரு வாளியும் செம்பும் சோப்பும் இருந்தாலே அது வசதிதான். ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயிலோடு மாதம் இரண்டு சோப்புக்கட்டி கொடுத்தால் என்ன? பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கிற கைக்குச் சோப்பு கொடுப்பது பாரமா?

பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆய்வுக்குப் போனால் குழாய் எத்தனை, தொட்டி எத்தனை, கருவி எத்தனை என்று எண்ணிக் கொண்டிருக்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் மதியம் பன்னிரண்டரை மணிக்குப் போங்கள். சோப்பு எங்கே என்று கேளுங்கள். பீரோ சாவியைத் தேடினார்கள் என்றால் உங்கள் அறிக்கை முடிந்தது. வெளியே இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா? அது ஒன்றைத்தான் எழுத வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் சோப்பு எங்கே இருக்கிறது என்று நாளைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். 264 ரூபாய் இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.